தானம் கொடுத்த வண்டியின் பல்

2024 டிசம்பர் 28, சனிக்கிழமை காலை. நியூ ஜெர்சியில் ஒரு வீட்டு வாசலில் டோ டிரக் வந்து நின்றது. ஏற்ற வேண்டியது 2007 மாடல் ஹோண்டா ஒடிசி மினிவேன். 1,86,000 மைல் ஓடிய வண்டி. கியர் மாறும்போதெல்லாம் ஒரு உதறல். பக்கவாட்டில் நகரும் கதவு குளிர்காலத்தில் பாதியிலேயே நின்றுவிடும். வீட்டுக்காரர் நம்பர் பிளேட் இரண்டையும் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்த, சுங்கக் கட்டணத்துக்கான ஈ-இசட் பாஸ் வில்லையைப் பிய்த்தெடுத்தார். சீட்டுக்கடியில் பிள்ளைகள் விட்டிருந்த கிரேயான் துண்டுகளைக்கூடப் பொறுக்கிக்கொண்டார். அப்புறம் வண்டியின் உரிமைப் பத்திரமான டைட்டிலின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க, டிரைவர் ஒரு தற்காலிக ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வண்டியைக் கொக்கியில் மாட்டி இழுத்துப் போனார்.

அன்று இரவு எனக்கு வாட்ஸ்அப் வந்தது. “அண்ணா, பழைய வேனைத் தொண்டு நிறுவனத்துக்குத் தானமா கொடுத்துட்டேன். புளூ புக்ல 3,400 டாலர் காட்டுது. இந்த வருஷ வரியில அதைப் போட்டுடலாம்ல?”

புளூ புக் என்பது பழைய வண்டிகளின் சந்தை விலைப் பட்டியல். வரித் தாக்கல் செய்து கொடுப்பது என் பிழைப்பு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை இதே மாதிரி கேள்விகள்தான். ஆனாலும் இந்த ஒரு வண்டியின் கதையை விரிவாக எழுதலாம் என்று தோன்றியது. கார் தானத்தில் என்னென்ன தப்புக் கணக்கு போடலாமோ அத்தனையும் இதில் வரிசையாக வந்துபோகின்றன. பெயரும் ஊரும் எழுதக்கூடாது என்ற நிபந்தனையோடு தம்பி சம்மதித்திருக்கிறார். அடையாளம் தெரியாமல் இருக்க, தொகைகளை நூறு டாலருக்கு முழுமையாக்கியிருக்கிறேன். ஏலத் தொகை மட்டும் உள்ளபடியே.

தம்பி போட்ட கணக்கு இதுதான். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து தாக்கல் செய்கிறார்கள். வருமானம் 1,60,000 டாலர். கடைசி டாலருக்கு 22 சதவீத வரி. வரிக்குரிய வருமானத்திலிருந்து 3,400-ஐக் கழித்தால் 748 டாலர் வரி மிச்சம். தர்மமும் ஆச்சு, டயர் மாற்றக் காசும் ஆச்சு. நடந்தது வேறு. அந்த 748 முதலில் 192 ஆனது, பிறகு ஒன்றுமே இல்லாமல் போனது.

ஏலத்தில் போன விலை

புளூ புக்கில் 3,400 இருந்தால் 3,400 எழுதலாம் என்பது ஒரு காலத்தில் உண்மைதான். 2004 முடியும்வரை அப்படித்தான் இருந்தது. கொடுத்தவர் தானே ஒரு சந்தை மதிப்பைப் போட்டுக்கொள்வார். வண்டி நின்றால் ஓடாது, ஓடினால் நிற்காது என்ற நிலையில் இருந்தாலும், ‘நல்ல நிலை’ என்ற கட்டத்தில் ஒரு டிக் அடித்துவிட்டால் விலை வந்துவிடும்.

அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான தணிக்கை அமைப்பு ஜி.ஏ.ஓ. இதைத் தோண்டிப் பார்த்து 2003 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. 2000-ஆம் வரி ஆண்டில் சுமார் 7,33,000 பேர் வாகன தானத்துக்குக் கழிவு, அதாவது வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் தொகை, கேட்டிருந்தார்கள். அதனால் குறைந்த வரி 65 கோடி டாலருக்கு மேல். 54 வண்டிகளை எடுத்துக்கொண்டு, கொடுத்தவர் எவ்வளவு எழுதினார், தொண்டு நிறுவனத்துக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வண்டிகளில், கொடுத்தவர் எழுதிய மதிப்பில் 5 சதவீதமோ அதற்கும் குறைவோதான் நிறுவனத்தின் கைக்கு வந்திருந்தது. அந்த அறிக்கையில் எனக்கு மறக்காமல் நிற்பது ஒரு 1983 மாடல் டிரக். கொடுத்தவர் எழுதியது 2,400 டாலர். ஏலத்தில் போனது 375-க்கு. டோ கூலி, விளம்பரம் என்று பிடித்தம் போக மிஞ்சியது 63. அதிலும் பாதி இடைத்தரகருக்கு. தொண்டு நிறுவனம் பார்த்தது 31 டாலர் 50 சென்ட்.

இப்படியொரு கணக்கைப் பார்த்தபிறகு யார்தான் சும்மா இருப்பார்கள்? 2004 அக்டோபரில் வந்த சட்டம் கதவைச் சாத்தியது. 2005 ஜனவரி 1 முதல், 500 டாலருக்கு மேல் கழிவு கேட்கும் வண்டிக்கு மதிப்பு என்பது பெரும்பாலும் தொண்டு நிறுவனம் அதை விற்ற விலை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள் நம் ஊரில். இங்கே வாங்கிக்கொண்டவர் பார்ப்பதில்லை, வரித்துறை பார்க்கிறது. அதுவும் தன் கையால் இல்லை. ஏலத்துக்கு வந்த முன்பின் தெரியாத ஒரு வியாபாரி பல்லைப் பிடித்துப் பார்த்துச் சொன்ன விலையை அப்படியே எடுத்துக்கொள்கிறது.

தம்பியின் ஒடிசி 2025 ஜனவரி 22 அன்று ஏலத்தில் போனது. 875 டாலர்.

“எண்ணூத்தி எழுபத்தஞ்சா? டயரே போன வருஷம் 600 டாலர் குடுத்து மாத்தினேன் அண்ணா” என்றார். அடிமாட்டு விலைதான். ஆனால் ஏலம் எடுக்கிறவன் புது டயரைப் பார்ப்பதில்லை. கியர் உதறுகிறதா என்றுதான் பார்ப்பான்.

கொடுத்த தேதி 2024-ல், விற்ற தேதி 2025-ல் இருக்கிறதே, எந்த வருடத்தில் எழுதுவது என்று பலர் குழம்புவார்கள். கொடுத்த வருடம்தான் கணக்கு. தொகை மட்டும் பின்னால் வந்து சேரும்.

இன்னொன்று. அந்த 875-ம் தொண்டு நிறுவனத்துக்கு முழுதாகப் போய்ச் சேர்வதில்லை. டோ டிரக்கை அனுப்புவது, ஏலத்தில் நிறுத்துவது, தொலைபேசியில் பேசுவது எல்லாம் பெரும்பாலும் கமிஷனுக்கு வேலை செய்யும் வேறு கம்பெனிகள். ஆனால் கொடுத்தவருக்குக் கழிவு என்னவோ செலவு பிடிக்காத மொத்த விற்பனைத் தொகைக்குத்தான். சட்டம் இந்த இடத்தில் கொஞ்சம் தாராளம். இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு: வண்டி 500 அல்லது அதற்குக் கீழே விற்றால், உண்மையான சந்தை மதிப்பு எவ்வளவோ அதை எழுதலாம், 500-ஐத் தாண்டாமல். அதாவது 450-க்குப் போன வண்டிக்கும் 500 எழுத இடம் இருக்கிறது.

ஒன்பது இலக்கம்

பிப்ரவரி முதல் வாரத்தில் தம்பி ஒரு படத்தை அனுப்பினார். படிவம் 1098-சி. கார், படகு, விமானம் கொடுத்தவர்களுக்குத் தொண்டு நிறுவனம் தரும் சீட்டு இது. கொடுத்த தேதி, ஓடோமீட்டர் அளவு, மாடல், வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணான வின் எண், விற்ற தேதி, விற்ற தொகை எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். சம்பந்தமில்லாத ஆளுக்கு முறையாக விற்றோம் என்று உறுதி சொல்லும் கட்டமும் உண்டு. எல்லாம் சரியாக இருந்தது. கொடுத்தவரின் ஒன்பது இலக்க சோஷியல் செக்யூரிட்டி எண், அதாவது வரி அடையாள எண், இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

விசாரித்தால், “போன்ல கேட்டாங்கண்ணா. யாருன்னே தெரியாம எப்படிக் குடுக்கறது? மாட்டேன்னுட்டேன்” என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ‘வரித்துறையிலிருந்து பேசுகிறோம்’ என்று வாரம் இரண்டு மோசடி அழைப்பு வரும் நாட்டில், ஒன்பது இலக்கத்தை வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் பயம்தான். ஆனால் சட்டம் அந்தச் சீட்டில் கொடுத்தவரின் பெயரும் வரி அடையாள எண்ணும் இருக்க வேண்டும் என்கிறது. ‘இருந்தால் நல்லது’ ரகம் இல்லை இது. இல்லாவிட்டால் கழிவே கிடையாது.

எவ்வளவு கறார் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. டெக்சாஸைச் சேர்ந்த ஒருவர், 1969-ல் செய்த ஒரு ஜெட் விமானத்தில் தனக்கிருந்த பாதிப் பங்கை 2010-ல் ஒரு விமான அருங்காட்சியக அமைப்புக்குக் கொடுத்தார். கேட்ட கழிவு 3,38,080 டாலர். கார், படகு, விமானம் மூன்றுக்கும் ஒரே விதிதான். தானம் நடந்ததற்குக் கடிதம் இருந்தது, ஒப்பந்தம் இருந்தது. சட்டம் கேட்கும் விவரங்களோடு கூடிய சீட்டு மட்டும் இல்லை; அவருடைய வரி அடையாள எண்ணும் அந்தக் காகிதங்களில் இல்லை. 2017-ல் வரி நீதிமன்றம் கழிவை முழுதாக மறுத்தது. 2022-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. அந்த ஆள் கொடுத்தாரா இல்லையா என்பது அங்கே பேச்சே இல்லை. காகிதம் சரியாக இருந்ததா என்பதுதான் பேச்சு.

இந்தச் சீட்டை, வண்டி விற்ற நாளிலிருந்து 30 நாளுக்குள் தொண்டு நிறுவனம் தந்தாக வேண்டும். ஜனவரி 22-லிருந்து எண்ணினால் பிப்ரவரி 21. கையில் இரண்டு வாரம் சொச்சம்தான் இருந்தது. ரசீதில் இருந்த எண்ணில் கூப்பிடாமல், வரித்துறையின் தளத்தில் அந்த நிறுவனம் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் தேடிப் பார்த்தோம். இருந்தது. அப்புறம் அவர்களுடைய அலுவலகத்தையே கூப்பிட்டுப் பேசி, எண்ணைக் கொடுத்து, திருத்திய சீட்டு வந்து சேர்ந்தபோது தேதி பிப்ரவரி 19. என் அனுபவத்தில் இது அதிர்ஷ்டம். வேலை செய்கிற பெண்மணி அன்றே தபாலில் போட்டிருந்தார்.

சீட்டு வருவதற்குள் தாக்கல் செய்ய வேண்டிய நாள் நெருங்கினால் அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது. ஒன்று, கூடுதல் அவகாசம் கேட்டுப் படிவம் 4868 போடலாம். இல்லையென்றால் கழிவைக் கேட்காமல் தாக்கல் செய்துவிட்டு, சீட்டு வந்ததும் திருத்தித் தாக்கல் செய்யலாம். 1098-சி-யின் பி நகலைத் தாக்கலோடு சேர்த்து அனுப்ப வேண்டும். பணமல்லாத நன்கொடைகள் 500-ஐத் தாண்டினால் படிவம் 8283-ம் வேண்டும்.

மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை

மார்ச் முதல் ஞாயிறு, தம்பியும் அவர் மனைவியும் கோப்போடு வந்தார்கள். அதுவரை என்னிடம் வந்தது அந்த ஒரு சீட்டு மட்டும்தான். மற்ற காகிதங்களை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நன்கொடைக் கழிவு வேண்டுமென்றால், செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியல் போட்டுக் காட்ட வேண்டும். இங்கே ஐட்டமைஸ் செய்வது என்பார்கள். பட்டியல் வேண்டாம் என்பவர்களுக்கு அரசே ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளச் சொல்கிறது. அதுதான் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன். இரண்டில் எது பெரிதோ அது. 2018 முதல் இந்த ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. 2024-க்குத் தம்பதியருக்கு 29,200 டாலர்.

இவர்கள் பட்டியலைப் பார்ப்போம். வீட்டுக் கடன் வட்டி 11,400. வீட்டு வரி 12,300, மாநில வருமான வரி 5,400, ஆக 17,700. ஆனால் இந்த இனத்துக்கு அந்த வருடம் உச்சவரம்பு 10,000. மீதி 7,700 காற்றில் போனது. கோயிலுக்கும் பள்ளிக்கும் கொடுத்த பணம் 2,600. வேன் 875. கூட்டினால் 24,875. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனை எட்ட இன்னும் 4,325 டாலர் வேண்டும்.

கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினேன். தம்பி பேசவில்லை. அவர் மனைவிதான் கேட்டார்: “அப்போ அந்த நம்பரைத் திருத்தி வாங்கினது, படிவம் அது இதுன்னு அலைஞ்சது எல்லாம்?”

எல்லாம் வீண்தான். 29,200-ஐ எடுத்துக்கொண்டால் வேனுக்கு என்று தனியாக ஒரு பைசா கிடையாது. அவர் ஆரம்பத்தில் நினைத்தபடி 3,400-ஐ எழுத முடிந்திருந்தாலும் 27,400-தான், அப்போதும் எட்டாது. நியூ ஜெர்சி மாநில வருமான வரியில் இப்படிப்பட்ட நன்கொடைக்குக் கழிவு இல்லை என்பதால் அங்கேயும் கையை விரிக்க வேண்டியதுதான்.

வானொலியில் நாள் முழுக்க வரும் ‘காரைக் கொடுங்கள், வரியைக் குறையுங்கள்’ விளம்பரங்கள் பொய் சொல்வதில்லை. கேட்கிறவர்களில் பெரும்பாலோர் ஐட்டமைஸ் செய்வதில்லை என்பதை மட்டும் அவை சொல்வதில்லை.

என்ன செய்திருக்கலாம்

வண்டியை ஏலத்துக்கு அனுப்பாத நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தால் 3,400-ஐ ஒட்டிய மதிப்பையே எழுத வழி உண்டு. விற்பனை விலை விதிக்கு மூன்று விலக்குகள் இருக்கின்றன. நிறுவனம் அந்த வண்டியைத் தன் தொண்டு வேலைக்கே கணிசமாகப் பயன்படுத்துவது ஒன்று. ஒரு வருடத்தில் 10,000 மைல் ஓட்டி ஏழைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோவது மாதிரி. மதிப்பு கூடும்படி பெரிய பழுது பார்ப்பது இன்னொன்று. பெயின்ட் அடிப்பது, நெளிவு எடுப்பது, சீட் துவைப்பது எல்லாம் இதில் சேராது. மூன்றாவது, வசதியில்லாத ஒருவருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ கொடுப்பது. இவற்றில் எதுவாக இருந்தாலும் சீட்டில் அதற்கான கட்டத்தில் நிறுவனம் உறுதி கொடுக்க வேண்டும். அப்போதும் எழுத வேண்டியது தனியாள் தனியாளுக்கு விற்கும் விலை. டீலர் கடையில் ஒட்டியிருக்கும் விலை அல்ல. ஆனால் 1,86,000 மைல் ஓடி கியர் உதறும் வேனை வைத்துக்கொண்டு சாப்பாடு விநியோகம் செய்யும் நிறுவனத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். தம்பியின் மெக்கானிக் டிசம்பரிலேயே “1,500 தருகிறேன், விட்டுவிட்டுப் போ” என்று சொல்லியிருந்தார். பணத்தை வாங்கி அதே தொண்டு நிறுவனத்துக்குச் செக் எழுதியிருந்தால், அவர்களுக்கு முழு 1,500 போயிருக்கும். நஷ்டத்துக்கு விற்ற சொந்தக் காருக்கு வரி கிடையாது. வின் எண், ஓடோமீட்டர், 30 நாள் கெடு எதுவும் வேண்டாம். 250 டாலரோ அதற்கு மேலோ என்பதால் நிறுவனத்தின் ஒரு கடிதம் போதும். 2024-ல் வரி மிச்சம் அப்போதும் பூஜ்யம்தான், அது வேறு. ஆனால் தர்மம் என்று பார்த்தால் 875-ல் கமிஷன் போக மிஞ்சுவது எங்கே, 1,500 எங்கே?

ஆண்டுக் கடைசி அவசரமும் ஒரு பிசகுதான். டிசம்பர் 31-க்குள் கொடுத்தாக வேண்டும் என்று எல்லோரும் ஓடுவார்கள். இவருடைய விஷயத்தில் நான்கு நாள் தள்ளிப் போட்டிருந்தாலே கணக்கு மாறியிருக்கும். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், மாநில, வீட்டு வரிகளுக்கான உச்சவரம்பை அந்த வருடத்துக்கே 10,000-லிருந்து 40,000-ஆக உயர்த்தியது. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் தம்பதியருக்கு 31,500 ஆனது. இவர்களுடைய அதே தொகைகளை 2025-ல் வைத்துப் பார்த்தால் 17,700, 11,400, 2,600, கூட்டினால் 31,700. வேன் இல்லாமலேயே கோட்டைத் தாண்டிவிட்டார்கள், இருநூறு டாலரில். அந்த வருடம் கொடுத்திருந்தால் 875-ம் முழுதாகக் கழிந்து 192 டாலர் 50 சென்ட் கைக்கு வந்திருக்கும். டிசம்பரில் இது யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. எனக்கும் தெரியாது.

2026 முதல் இன்னும் ஒரு திருப்பம். ஐட்டமைஸ் செய்கிறவர்களுக்கு, வருமானத்தில் 0.5 சதவீதத்தைத் தாண்டிய நன்கொடைக்குத்தான் கழிவு. இவர்களுக்கு முதல் 800 டாலர் கணக்கில் வராது. ஐட்டமைஸ் செய்யாத தம்பதியருக்கு 2,000 டாலர் வரை நன்கொடைக் கழிவு தருகிறார்கள். ஆனால் அது பணமாகக் கொடுத்தால் மட்டும். கார் கொடுத்தால் அதில் சேராது. அங்கேயும் செக்குதான் ஜெயிக்கிறது.

2025 அக்டோபரில் தம்பி மறுபடி கூப்பிட்டார். மனைவி ஓட்டும் பழைய கொரோலாவை மாற்றப் போகிறார்களாம். இந்தத் தடவை டோ டிரக்குக்கு முன்னால் எனக்குப் போன். சொன்னேன். வண்டியை அவரே விளம்பரம் போட்டு, கல்லூரிக்குப் போகும் ஒரு பையனுக்கு 2,300-க்கு விற்றார். பிளேட்டைக் கழற்றி மோட்டார் வாகன அலுவலகத்தில் ஒப்படைத்து, அதற்கப்புறம் இன்சூரன்ஸை ரத்து செய்தார். பணத்தை அப்படியே உணவு வங்கி ஒன்றுக்குச் செக் எழுதினார். 22 சதவீதத்தில் 506 டாலர் மிச்சம் ஆகும். நன்றிக் கடிதத்தின் படத்தை நான் கேட்காமலேயே அனுப்பி வைத்தார்.

அவர் மனைவி மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. “வர்றவங்க எல்லாம் ஓட்டிப் பாத்து, கீழ படுத்துப் பாத்து, எண்ணூறுக்குத் தருவியாங்கறாங்க. ரெண்டு சனிக்கிழமை போச்சுண்ணா. அந்த டோ டிரக்காரன் பத்து நிமிஷத்துல முடிச்சுட்டுப் போனான்.”